செஃபலெக்சின் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்களா? முதல் வேளை முதல் கடைசி வேளை வரை

மருத்துவர் எழுதித் தந்த சீட்டில் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: செஃபலெக்சின் 500 மி.கி., இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை, இத்தனை நாள். அந்த ஒரு வரியை வீட்டில் சரியாக நிறைவேற்றுவது எப்படி, எங்கே தவறு நேரும், எப்போது மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதையெல்லாம் முதன்முறையாக இந்த மருந்தைக் கையில் வாங்கியவருக்காக எழுதியிருக்கிறோம். உங்களுக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் உங்களைப் பரிசோதித்த மருத்துவர். இங்கே வரும் அளவுகள், சீட்டில் உள்ளதைப் புரிந்துகொள்ளவும், சந்தேகம் வந்தால் கேள்வி கேட்கவும் உதவட்டும்.

செஃபலெக்சின், செஃபலோஸ்போரின் குடும்பத்தின் முதல் தலைமுறையைச் சேர்ந்த ஆன்டிபயாடிக். இந்தக் குடும்பத்தின் தொடக்கம் ஒரு பூஞ்சை. 1945இல் இத்தாலியின் சார்டினியா தீவில், காலியாரி நகரத்துக் கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்தில் ஜூசெப்பே புரோட்சு என்ற மருத்துவர் அதைக் கண்டெடுத்தார். பாக்டீரியா தன்னைச் சுற்றி ஒரு சுவர் கட்டிக்கொண்டுதான் வாழ்கிறது. அந்தச் சுவரைக் கட்டும் நொதிகளின் மேல் இம்மருந்து ஒட்டிக்கொள்ள, சுவர் பலவீனமாகி பாக்டீரியா வெடித்துச் சாகிறது. நம் உடலின் செல்களுக்கு அப்படி ஒரு சுவர் கிடையாது. வைரஸுக்கும் கிடையாது. சாதாரணச் சளி, ஃப்ளூ, பெரும்பாலான தொண்டைக் கரகரப்பு ஆகியவற்றுக்கு இது எள்ளளவும் உதவாததற்குக் காரணம் அதுதான்.

மேலே படிக்கும் முன் இரண்டு செய்திகளை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். முதலாவது, இந்த மருந்து உடலில் நெடுநேரம் தங்காது. விழுங்கி ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் உச்ச அளவை எட்டும். அதன்பின், சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு, ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை பாதிப் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். இரண்டாவது, கல்லீரல் இதை உடைப்பதில்லை. எட்டு மணி நேரத்துக்குள் பத்தில் ஒன்பது பங்கு உருமாறாமல் சிறுநீர் வழியே வெளியேறிவிடும். கீழே வரும் அறிவுரைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டிலிருந்து பிறந்தவைதான்.

படி 1: எந்த நோய்க்குத் தந்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

செஃபலெக்சின் மிக நன்றாக வேலை செய்யும் இடம் தோல். காயத்தில் சீழ்பிடிப்பது, குழந்தைகளின் முகத்தில் தேன்நிறப் பொருக்குடன் வரும் சிரங்கு, கால் சிவந்து வீங்கிச் சூடாக இருக்கும் செல்லுலைட்டிஸ் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை ஸ்டேஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற இரண்டு பாக்டீரியாக்கள். இரண்டையுமே இது தாக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வரும் தொண்டை அழற்சி, காதுச் சீழ், சில எலும்புத் தொற்றுகள், ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களால் வரும் சிறுநீர்ப் பாதைத் தொற்று ஆகியவற்றுக்கும் தருவார்கள். மருந்து அப்படியே சிறுநீரில் வந்து சேர்வதால் சிறுநீர்ப்பையில் அதன் செறிவு மிக அதிகமாக இருக்கும்.

இது தொடவே முடியாத கிருமிகளும் உண்டு. எம்.ஆர்.எஸ்.ஏ. எனப்படும் மருந்தை எதிர்க்கும் ஸ்டேஃபிலோகாக்கஸ், என்டரோகாக்கஸ், சூடோமோனாஸ், நிமோனியா உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா எல்லாம் அந்த வரிசையில் வரும். மூளையைச் சுற்றியுள்ள திரவத்துக்குள் போதிய அளவு நுழையாது என்பதால் மூளை உறைக் காய்ச்சலுக்கு இது மருந்தே அல்ல. தோலுக்கடியில் சீழ் கட்டியாகத் திரண்டுவிட்டால் அதைக் கீறி வெளியேற்றுவதுதான் முதன்மையான சிகிச்சை. கட்டிக்குள் இரத்த ஓட்டம் இல்லை. மருந்து அங்கே போய்ச் சேராது. காப்ஸ்யூல் மட்டும் போட்டுக்கொண்டு காத்திருந்தால் நாள்தான் வீணாகும்.

சிறுநீர்த் தொற்று என்றால் முதல் வேளை மருந்துக்கு முன்பே கல்ச்சர் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுத்துவிடுங்கள். ஒரே ஒரு காப்ஸ்யூல் உள்ளே போனாலும் சிறுநீரில் மருந்து நிறைந்துவிடும். அதன்பின் கொடுக்கும் மாதிரியில் கிருமி வளராமல் போகலாம். பிறகு எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் போய்விடும்.

படி 2: முதல் வேளைக்கு முன் சொல்ல வேண்டியவை

முதலில் அலர்ஜி. செஃபலெக்சினோ அதே குடும்பத்தின் வேறு மருந்தோ முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் பலருக்கு இந்த இடத்தில் குழப்பம் வருகிறது. பென்சிலின் அலர்ஜி உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்குச் செஃபலோஸ்போரினும் ஒத்துக்கொள்ளாது என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. இன்று நமக்குத் தெரிந்தவரை உண்மையான விகிதம் அதைவிட வெகுவாகக் குறைவு. ஆனால் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மருந்து மூலக்கூறில் பக்கவாட்டில் தொங்கும் ஒரு சங்கிலிதான் பெரும்பாலும் அலர்ஜியைக் கிளப்புகிறது. செஃபலெக்சினின் பக்கச் சங்கிலியும் ஆம்பிசிலினின் பக்கச் சங்கிலியும் ஒன்றே. அமாக்சிசிலினுடையதும் ஏறக்குறைய அதேதான். ஆகவே அமாக்சிசிலின் சாப்பிட்டு உடலெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல் என்று வந்தவர், செஃபலோஸ்போரின்களிலேயே குறிப்பாகச் செஃபலெக்சின், செஃபாக்லார், செஃபட்ராக்சில் மூன்றிலும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வேறு பக்கச் சங்கிலி கொண்ட செஃபுராக்சிமோ செஃபிக்சிமோ அவருக்குப் பொருந்தக்கூடும். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

“எனக்குப் பென்சிலின் ஆகாது” என்று சொன்னால் மட்டும் போதாது. எந்த மருந்து, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில், என்ன நடந்தது, எத்தனை ஆண்டுக்கு முன் என்ற நான்கையும் சொல்லுங்கள். சிறுவயதில் வயிறு கலங்கியதையே அலர்ஜி என்று குறித்து வைத்திருப்பவர்கள் ஏராளம். அதனால் பொருத்தமான மருந்து அவர்களுக்கு வாழ்நாள் முழுக்கக் கிடைக்காமல் போகிறது. மறுபக்கம், முன்பு எந்த ஆன்டிபயாடிக் சாப்பிட்டாவது தோல் கொப்புளித்து உரிந்தது, வாயும் கண்ணும் புண்ணானது என்றால் அது மிகவும் கடுமையான எதிர்விளைவு. அப்படிப்பட்டவர் இந்தக் குடும்பத்துப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

அடுத்தது சிறுநீரகம். மருந்து வெளியேற வேறு வழி இல்லை என்று முன்னமே பார்த்தோம். வழி அடைபட்டால் ஒவ்வொரு வேளையும் முந்தைய வேளையின் மிச்சத்தின் மேல் ஏறி உட்காரும். அளவு எல்லை மீறினால் குழப்பம், வலிப்பு வரை போகலாம். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 முதல் 59 மி.லி. என்றால் ஒரு நாள் மொத்தம் 1 கிராமைத் தாண்டாமல் கொடுப்பது வழக்கம். 15 முதல் 29 வரை என்றால் 250 மி.கி. 8 அல்லது 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. அதற்கும் கீழே 5 முதல் 14 வரை என்றால் நாளுக்கு ஒரே ஒரு 250 மி.கி. முதியவர்களுக்கு வெளியே எந்த அறிகுறியும் இல்லாமலே இந்தத் திறன் குறைந்திருக்கலாம். கடைசியாக எடுத்த கிரியேட்டினின் பரிசோதனை முடிவு இருந்தால் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பிறகு, ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மருந்துகள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் சிறுநீரகத்தின் வழியே வெளியேறும்போது செஃபலெக்சின் அதற்கு இடைஞ்சல் செய்யும். இரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவு ஏறும். பெரும்பாலோருக்குத் தொல்லை வருவதில்லை என்றாலும், சிறுநீரகம் பலவீனமானவர் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு, இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். ஏறி இரத்தக் கசிவு வரலாம். மருந்து தொடங்கிய சில நாட்களில் ஒருமுறை பரிசோதித்துவிட வேண்டும். கவுட் எனப்படும் மூட்டுவலிக்கான புரோபெனிசிட், செஃபலெக்சின் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். துத்தநாக மாத்திரை இதை உடலில் சேரவிடாமல் தடுக்கும். எனவே செஃபலெக்சின் எடுத்து மூன்று மணி நேரமாவது கழித்தே துத்தநாகம் எடுக்க வேண்டும். சத்து மாத்திரைகள் பலவற்றில் துத்தநாகம் சேர்ந்திருக்கும் என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. டைஃபாய்டுக்கு வாய்வழி உயிர்த் தடுப்பூசி எடுக்க நினைப்பவர்கள் ஆன்டிபயாடிக் முடிந்து மூன்று நாளாவது கழித்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் தடுப்பூசியில் உள்ள கிருமியையும் மருந்து கொன்றுவிடும்.

கருத்தடை மாத்திரையின் பலனை இது குறைப்பதில்லை. வாந்தியோ கடும் வயிற்றுப்போக்கோ வந்து மாத்திரை உடலில் சேராமல் போனால்தான் வேறு பாதுகாப்பு தேவை. கர்ப்பிணிகளுக்கு நெடுங்காலமாகத் தரப்பட்டு வரும் மருந்து இது. தாய்ப்பாலில் கொஞ்சம் சேரும். குழந்தைக்கு மலம் இளகலாம், வாயில் வெண்படலம் வரலாம். அதற்காகப் பாலூட்டுவதை நிறுத்தத் தேவையில்லை.

படி 3: வாங்கியதும் பெயரைப் படியுங்கள்

செஃபலெக்சின், செஃபிக்சிம், செஃபுராக்சிம், செஃப்போடாக்சிம், செஃப்டினிர். எல்லாப் பெயரும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும், ஒன்று இல்லையென்றால் இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றும் தோன்றும். அப்படிச் செய்யவே கூடாது. செஃபிக்சிம் மூன்றாம் தலைமுறை மருந்து. அதைப் ‘பெரிய’ மருந்து என்று நினைத்துத் தோல் காயத்துக்குச் சாப்பிட்டால், காயத்தில் இருக்கும் ஸ்டேஃபிலோகாக்கஸை அது கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யாது. தலைமுறை எண் ஏற ஏற மருந்து பலமாகிறது என்பது தவறான எண்ணம். தாக்கும் கிருமிகளின் பட்டியல்தான் மாறுகிறது.

சாப்பிடும் முறையும் வேறு வேறு. செஃபுராக்சிம் ஆக்செட்டில், செஃப்போடாக்சிம் மாத்திரைகளை உணவோடு எடுத்தால்தான் நன்றாகச் சேரும். நெஞ்செரிச்சலுக்கான அமில எதிர்ப்பு மருந்து செஃப்போடாக்சிமைக் கெடுக்கும். செஃப்டினிருக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். செஃபலெக்சினுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. வெறும் வயிற்றிலும் எடுக்கலாம், சாப்பிட்ட பிறகும் எடுக்கலாம். உணவு இருந்தால் உச்ச அளவு சற்றுத் தாமதமாகும், கொஞ்சம் குறையும். மொத்தமாக உடலில் சேரும் அளவு மாறாது. வயிற்றைப் புரட்டினால் சாப்பிட்ட பின் எடுங்கள்.

படி 4: நேரம்

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 250 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது 500 மி.கி. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. தொற்று கடுமையாக இருந்தால் நாளுக்கு 4 கிராம் வரைகூடப் பிரித்துக் கொடுப்பதுண்டு. காப்ஸ்யூலை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள்.

இந்த மருந்து கிருமியைக் கொல்வது, இரத்தத்தில் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதைவிட, தேவையான அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு வேளையைத் தவறவிட்டால் அந்த நேரம் முழுக்கக் கிருமிக்கு ஓய்வு. அடுத்த வேளை இரண்டாக விழுங்கினாலும் அந்த இழப்பு ஈடாகாது. அளவை இரட்டிப்பாக்கினால் மருந்து தாக்குப்பிடிப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் கூடும். வயிற்றுக் கோளாறுக்கு மட்டும் அது வழிவகுக்கும். ஆகவே மறந்தது நினைவுக்கு வந்தவுடனே எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் தவறியதை விட்டுவிட்டு வழக்கமான நேரத்திலிருந்து தொடருங்கள்.

நான்கு வேளை என்றால் காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 12 என்பது கணக்குக்குச் சரி. நடைமுறையில் இரவு வேளைதான் முதலில் விட்டுப்போகும். வேலையும் தூக்கமும் இடம்தராதவர் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொன்னால், அதே மொத்த அளவை இரண்டு வேளையாகப் பிரித்துத் தர முடியுமா என்று அவர் பார்ப்பார். தொண்டை அழற்சி, தோல் தொற்று போன்றவற்றில் பெரும்பாலும் முடியும். நான்கு வேளை எழுதி வாங்கி மூன்றை மட்டும் சாப்பிடுவதைவிட இரண்டு வேளை எழுதி வாங்கி இரண்டையும் சாப்பிடுவது எவ்வளவோ மேல். எதுவானாலும் கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், உறையின் மேல் நாளையும் வேளையையும் எழுதி, எடுத்ததும் கோடு போடுங்கள். “காலையில் எடுத்தேனா?” என்ற சந்தேகத்தில் இரண்டாம் முறை விழுங்குவது இதனால் நிற்கும்.

படி 5: குழந்தைக்குச் சிரப் கலக்குவது

தவறு அதிகம் நேர்வது இங்கேதான். புட்டியில் வருவது உலர்ந்த தூள். அது 5 மி.லி.க்கு 125 மி.கி., 5 மி.லி.க்கு 250 மி.கி. என்று இரண்டு செறிவுகளில் கிடைக்கும். புட்டிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கலாம். “5 மி.லி. கொடுங்கள்” என்று சொல்லப்பட்டது எந்தப் புட்டிக்கு என்று பார்க்காவிட்டால் குழந்தைக்கு இரண்டு மடங்கோ பாதியோ போய்விடும்.

குழந்தைக்கான அளவு எடையை வைத்துக் கணக்கிடப்படும். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளுக்கு 25 முதல் 50 மி.கி. வரை வழக்கம். காதுச் சீழுக்கு 75 முதல் 100 வரை போகும். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 40 மி.கி. என்று மருத்துவர் முடிவு செய்தால் ஒரு நாளுக்கு 480 மி.கி. அதை நான்காகப் பிரித்தால் வேளைக்கு 120 மி.கி. 125 மி.கி. புட்டியில் அது ஏறக்குறைய 5 மி.லி. 250 மி.கி. புட்டியில் வெறும் 2.5 மி.லி. இந்தப் பெருக்கலை வீட்டில் ஒருமுறை நீங்களும் போட்டுப் பாருங்கள். சீட்டில் உள்ளதோடு ஒத்துவராவிட்டால் கொடுக்கும் முன் போன் செய்து கேளுங்கள்.

கலக்கும்போது முதலில் மூடியைத் திறக்காமல் புட்டியைக் கவிழ்த்தும் தட்டியும் அடியில் இறுகிய தூளை உதிர்த்துவிடுங்கள். கொதிக்கவைத்து நன்றாக ஆறிய தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளில் எழுதியிருக்கும் தண்ணீரில் பாதியை ஊற்றி மூடி, கட்டி எதுவும் இல்லாமல் கரையும்வரை குலுக்குங்கள். மீதியை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். குலுக்கியதும் நுரை எழும்பி, கோடு வரை நிறைந்துவிட்டது போலத் தோன்றும். சில நிமிடம் அப்படியே வைத்து நுரை அடங்கியபின் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் குறிக்கோடு வரை தண்ணீர் சேர்த்து இன்னொருமுறை குலுக்குங்கள். தண்ணீர் குறைந்தால் ஒவ்வொரு வேளையும் அளவு கூடிப்போகும். தூள் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தால் முதல் நாட்களில் குழந்தைக்குக் கிடைப்பது நீர்த்த மருந்து, கடைசி நாட்களில் கெட்டியான மருந்து. ஒவ்வொரு வேளைக்கு முன்பும் குலுக்கச் சொல்வதும் இதனால்தான். உங்களால் முடியாதென்றால் கடையிலேயே மருந்தாளுநரைக் கலக்கித் தரச் சொல்லலாம்.

கலந்த தேதியைப் புட்டியின் மேல் எழுதுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பொதுவாக 14 நாள் வரை தாங்கும். லேபிளில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.

இன்னொரு கணக்கும் பார்த்துவிடுங்கள். வேளைக்கு 5 மி.லி., நாளுக்கு நான்கு வேளை என்றால் 100 மி.லி. புட்டி ஐந்தே நாளில் தீர்ந்துவிடும். ஏழு நாள் மருந்துக்கு 140 மி.லி. வேண்டும். “புட்டி முடிந்தது, அதனால் நிறுத்திவிட்டோம்” என்று சொல்லும் பெற்றோர் பலருக்கு நடந்தது இதுதான். இரண்டு புட்டி வாங்கினால் இரண்டாவதை முதலாவது தீரும்போது கலந்தால் போதும்.

சமையலறைக் கரண்டியை அளவுக்கு நம்பாதீர்கள். கரண்டிக்குக் கரண்டி கொள்ளளவு மாறும். ஊசியில்லாத வாய்வழிச் சிரிஞ்சு இருந்தால் மிகவும் நல்லது. அதைக் கன்னத்தின் உட்புறமாக நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். தொண்டையை நோக்கிப் பீய்ச்சினால் புரையேறும். பால் புட்டியில் கலந்து கொடுக்க வேண்டாம். குழந்தை பாதியில் குடிப்பதை நிறுத்திவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. கொடுத்து அரைமணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அதே வேளையைத் திரும்பக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு என்றால் வேண்டாம், அடுத்த வேளை வரை காத்திருங்கள். இரண்டாம் முறையும் வாந்தி என்றால் மருத்துவரைக் கேளுங்கள்.

படி 6: குணமாகிறதா என்று கண்காணிப்பது

தோல் தொற்றுக்குத் தெளிவான ஒரு வழி இருக்கிறது. முதல் நாளே சிவப்பின் எல்லையைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். முதல் 24 மணி நேரத்தில் சிவப்பு கோட்டைச் சற்றுத் தாண்டலாம். கிருமி சாகும்போது அழற்சி சிறிது கூடுவது உண்டு. 48 மணி நேரம் ஆகியும் கோட்டைத் தாண்டிப் பரவிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் இறங்காவிட்டாலோ திரும்பப் போய்க் காட்டுங்கள். சிவப்பைவிட வலி மிக அதிகமாக இருப்பது, தோல் கறுப்பது, நடுக்கத்தோடு காய்ச்சல் ஆகியவற்றுக்கு 48 மணி நேரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலில் தொற்று என்றால் உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வையுங்கள். வீக்கம் வடிய அது மிகவும் உதவும்.

தொண்டை அழற்சியில் இரண்டு மூன்று நாளிலேயே வலி குறைந்துவிடும். ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று உறுதியானால் பத்து நாள் கொடுப்பார்கள். வலி போன பிறகும் நாட்களை முடிக்கச் சொல்வதற்கு, பின்னாளில் இதயத்தைத் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுப்பதே முக்கியக் காரணம். செல்லுலைட்டிஸில் நன்றாகத் தேறிவந்தால் ஐந்து நாளே போதும் என்று முடிக்கலாம். நாட்கள் நோய்க்கு நோய் மாறும் என்பதால், பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைப் பார்த்து நீட்டவோ குறைக்கவோ கூடாது.

சிறுநீர்த் தொற்றில் இரண்டு நாளில் எரிச்சல் தணிய வேண்டும். விலாவிலோ முதுகிலோ வலி, குளிர் நடுக்கம், வாந்தி என்று வந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கிறது என்று பொருள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒன்று: பெனடிக்ட் கரைசல் போன்ற, தாமிரத்தை வைத்து நிறம் பார்க்கும் பழைய முறையில் சிறுநீரைப் பரிசோதித்தால் இம்மருந்தால் சர்க்கரை இருப்பதாகப் பொய்யாகக் காட்டலாம். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் பட்டைகளில் இந்தத் தொல்லை இல்லை.

படி 7: பக்கவிளைவுகளைப் பிரித்தறிவது

வயிற்றுப்போக்கு, குமட்டல், வயிற்றெரிச்சல் ஆகியவை அதிகம் காணப்படுபவை. நாளுக்கு ஓரிரு முறை மலம் இளகிப் போவது குடலின் நல்ல பாக்டீரியாக்களும் அடிபடுவதால் வருவது. நீர் ஆகாரமும் உப்பு சர்க்கரைக் கரைசலும் எடுத்துக்கொண்டு மருந்தைத் தொடரலாம். வாயில் வெண்படலம், பெண்களுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப்படுதலும் வந்தால் அது பூஞ்சைத் தொற்று. தனி மருந்து இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நாளுக்கு மூன்று முறைக்கு மேல் தண்ணீராகப் போவது, வயிற்றைப் பிசையும் வலி, காய்ச்சல், மலத்தில் இரத்தம் என்றால் அது வேறு விஷயம். குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி, நல்ல பாக்டீரியாக்கள் அழிந்துபோன குடலில் பெருகி நச்சைச் சுரக்கும் நிலையாக அது இருக்கலாம். மருந்து முடித்து இரண்டு மாதம் கழித்தும் இது வரலாம் என்பதால் நோயாளிகள் பெரும்பாலும் இரண்டையும் தொடர்புபடுத்துவதே இல்லை. அந்த நேரத்தில் லோபராமைடு போன்ற, வயிற்றுப்போக்கை அடைக்கும் மாத்திரையைப் போட்டால் நச்சு உள்ளேயே தங்கிவிடும். மருத்துவரிடம், “இரண்டு மாதத்துக்குள் செஃபலெக்சின் சாப்பிட்டேன்” என்று நீங்களாகவே சொல்லுங்கள்.

அலர்ஜி இரண்டு வேகத்தில் வரும். விழுங்கிய சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் உடலெங்கும் அரிப்புத் தடிப்பு, உதடு, நாக்கு, முகம் வீங்குதல், குரல் மாறுதல், மூச்சிரைப்பு, தலைசுற்றி மயக்கம் என்று வந்தால் உயிருக்கு ஆபத்து. அவசர ஊர்தியை அழையுங்கள். மயக்கம் வந்தால் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் சாய்ந்து உட்காரட்டும். அரிப்பு மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது இதற்குப் போதாது. இன்னொரு வகை, சில நாட்கள் கழித்து மெல்ல வரும் சிவந்த புள்ளிகள். அடுத்த வேளையை நிறுத்தி வைத்து அன்றே மருத்துவரைக் கேளுங்கள். புள்ளிகளோடு கொப்புளம், தோல் உரிதல், வாய்ப்புண், கண் சிவப்பு, காய்ச்சல், நெறிகட்டுதல் இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் நேரே மருத்துவமனைதான்.

தோல் வெளிறுவது, அளவுக்கு மீறிய களைப்பு, சிறுநீர் கறுத்துப் போவது ஆகியவை அரிதானவை. சிவப்பணுக்கள் உடைவதால் வரக்கூடியவை என்பதால் இரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

படி 8: முடித்த பிறகு

சீட்டில் உள்ளபடி முடித்தால் மிச்சம் எதுவும் இருக்கக் கூடாது. அலர்ஜியால் நடுவில் நிறுத்தியோ மருந்தை மாற்றியோ மிஞ்சினால், அடுத்த காய்ச்சலுக்கு ஆகும் என்று எடுத்து வைக்காதீர்கள், இன்னொருவருக்கும் தராதீர்கள். மிஞ்சிய நான்கு காப்ஸ்யூல் எந்தத் தொற்றையும் குணமாக்காது. எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமிகளை மட்டும் உடலில் விட்டுவைக்கும். கழிப்பறையிலோ சாக்கடையிலோ கொட்டவும் வேண்டாம். மருந்துக் கடையோ மருத்துவமனையோ திரும்ப வாங்கிக்கொண்டால் அங்கே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் காப்ஸ்யூலை அட்டையிலிருந்து எடுத்து, யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி வேண்டாத குப்பையோடு கலந்து, மூடிய பையில் கட்டிப் போடுங்கள்.

எதிர்விளைவு வந்திருந்தால் மருந்தின் பெயர், எத்தனையாவது நாள், என்ன அறிகுறி, எதனால் அடங்கியது என்று எழுதி, தடிப்பின் புகைப்படத்தோடு மருத்துவக் கோப்பில் வையுங்கள். ‘ஆன்டிபயாடிக் அலர்ஜி’ என்று பொதுப்படையாக எழுதாமல் ‘செஃபலெக்சின்’ என்றே எழுதுங்கள். வயிறு கொஞ்சம் கலங்கியது மட்டும்தான் என்றால் அதை அலர்ஜிப் பட்டியலில் சேர்க்காமல், ‘வயிற்றுப்போக்கு வந்தது’ என்று தனியாகக் குறித்து வையுங்கள்.